சிவப்பிக்கு நான் எழுதிய நற்சான்று

வருகிற மாதம் எங்கள் பங்கில் இளையோருக்கு ஒருநாள் கருத்தரங்கு நடக்கிறது. தலைப்பு, வாழ்வில் இறைசித்தத்தை அறிவது எப்படி. அதில் சாட்சியம் சொல்ல என்னையும் என் மனைவி ரெஜினாவையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கேட்க வந்த பிள்ளைகள், "ஐயா, நீங்கள் புதிசாய் ஒண்டும் யோசிக்க வேண்டாம். அந்த மாட்டுக் கதையைச் சொன்னாலே காணும்" என்றார்கள். நான் ஓம் என்று தலையாட்டினேன். முப்பது வருடத்துக்கு மேலாக அந்தக் கதைக்குத் தலையாட்டிப் பழகிவிட்டேன்.

எண்பத்தாறாம் ஆண்டு நெடுந்தீவில் கடவுள் ஒரு பசுவை நடக்கவிட்டு ரெஜினாவுக்கு என்னைக் காட்டிக்கொடுத்தார் என்பதுதான் கதை. மாறி மாறி வந்த பங்குச் சுவாமிமார் எல்லாரும் இதைப் பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார்கள். சொல்லச் சொல்லப் பசு வெள்ளையாகிக்கொண்டே வந்தது. உண்மையில் அது சிவப்புப் பசு. உண்மையில் அதற்கு ஒரு சுகநலச் சான்றிதழும் இருந்தது. அந்தச் சான்றிதழ் பொய். எழுதியவன் நான். மேடையில் நின்று இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

கால்நடைத் திணைக்களத்தில் முப்பத்து நான்கு வருடம் வேலை செய்தேன். பயிற்சிக்காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மலைநாட்டுக் குளிரில் ஒன்றரை வருடம் கொழுத்த மாடுகளில் படித்துவிட்டு, எண்பத்து நான்கில் நெடுந்தீவுக்கு வந்து மெலிந்த மாடுகளில் அதை மறந்தேன். முருகைக்கல் வேலிகளுக்கு நடுவே இரண்டு அறைக் கந்தோர், அதுதான் என் அலுவலகம். பின்னால் ஒரு கொட்டில். கொட்டிலில் அரசாங்கத்தின் பொலிநாம்பன், இனவிருத்திக்கென்று வைத்த காளை. பதிவேட்டில் அதற்குப் பெயர் நாலாம் இலக்கம். முதல் மூன்று இலக்கங்களும் எங்கே என்று எனக்குக் கடைசிவரை தெரியவில்லை.

என் மேலதிகாரி ஊர்காவற்றுறையில் இருந்த மிருக வைத்தியர். நாங்கள் டொக்டர் என்போம். வேலணைக்காரர், சைவர், நெற்றியில் திருநீறு இல்லாமல் படகில் ஏறமாட்டார். மாதத்தில் ஒருநாள் குடையும் தோல் பையுமாக நெடுந்தீவுக்கு வருவார். சத்தம் போட்டு ஏசியதே கிடையாது. கோபம் வந்தால் சிவப்பு மையில் எழுதுவார். நான் அவருக்குப் பக்கத்திலேயே நின்றாலும் எழுதித்தான் நீட்டுவார். நானும் வாசித்துவிட்டுப் பதிலைக் கீழே எழுதிக் கொடுப்பேன். ஒரே மேசையில் இருந்து அப்படி அரைநாள் சண்டை பிடித்திருக்கிறோம், ஒரு சொல் பேசாமல்.

அவருடைய உயிர் பதிவேட்டில் இருந்தது. ஒரு பசு நாம்பனைத் தேடும் பருவத்துக்கு வந்திருக்கிறதா என்று பார்க்க மூன்று கேள்விகள் வைத்திருந்தார். கத்துதோ? மற்ற மாட்டிலை ஏறுதோ? கோழை வழியுதோ? காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பார்க்கவேண்டும், பார்த்த உடனே எழுதவேண்டும். "பிலிப்பு, மாடு பொய் சொல்லாது. மாட்டுக்காரன் சொல்லுவான். நடுவிலை நிக்கிற நீர் மட்டும் சொல்லிப்போடாதையும்" என்பார்.

எண்பத்தைந்தில் மாடு வளர்க்கும் வீட்டுப் பெண்களுக்கு அவர் ஒரு வகுப்பு வைத்தார். பசு இருபத்தொரு நாளைக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், சிலது பதினெட்டிலும் வரும், சிலது இருபத்து நாலுக்கும் இழுக்கும் என்று விளக்கி, ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, நாட்களைக் குறித்துவரச் சொன்னார். பின்வாங்கில் இருந்த ஒரு பெண் எழும்பி, "டொக்டர், அந்த நாள் ஞாயிற்றுக்கிழமையிலை வந்தால்?" என்று கேட்டாள்.

"தங்கச்சி, மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லை" என்றார் டொக்டர். அவர் சிரிக்கவில்லை. வகுப்பு முழுக்கச் சிரித்தது.

கேட்டவள் ரெஜினா. மடுத்தீன் அண்ணையின் ஒரே மகள், தாய் இல்லாத பிள்ளை, வயது இருபத்தாறு. அன்றைக்கு என் மனம் போனதுதான். அதற்குப் பிறகு ஒரு வருடத்தில் அவளோடு நாலு தடவை பேசினேன். மூன்று தடவை மாட்டு உண்ணியைப் பற்றி. நாலாவது தடவை, மழை வருமோ என்று அவள் கேட்டாள். தெரியாது என்றேன்.

அவளிடம் பேசத் தைரியம் இல்லாதவன் கடவுளிடம் தாராளமாகப் பேசினேன். அந்தோனியாருக்கு ஒரு நவநாள், அது முடிய சூசையப்பருக்கு ஒன்று, திரும்பவும் அந்தோனியாருக்கு. ஆண்டவரே, இந்தப் பெண் எனக்கென்றால் ஒரு அடையாளம் காட்டும் என்று கேட்பேன். அடையாளத்தையும் நானே தெரிவுசெய்து கொடுப்பேன். பத்து மணிக்குள் படகு வந்தால் அது உமது சித்தம் என்று சொல்லிவிட்டு இறங்குதுறையைப் பார்த்தபடி நிற்பேன். நெடுந்தீவுப் படகை நம்பி அப்படி நிபந்தனை வைத்தது என் மடத்தனம். பதினொரு மாதத்தில் ஒருநாளாவது அது பத்துக்குள் வரவில்லை.

இதற்கிடையில் அவளுக்கு இரண்டு பக்கத்தாலும் கேட்டு வந்தார்கள். கோவிலடியில் இருந்த கன்னியர் மடத்துத் தாயார், ரெஜினாவுக்குத் தேவ அழைத்தல் இருக்கிறது, மடத்துக்கு விடுங்கள் என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தரகர், ஜேர்மனி மாப்பிள்ளை என்று காருக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவரின் படத்தைக் கொண்டுவந்தார். நாட்டு நிலைமையில் பெட்டைகளை வெளியே அனுப்பிவிட்டால் போதும் என்று எல்லாத் தகப்பன்மாரும் அந்தரப்பட்ட காலம். மடுத்தீன் அண்ணை நல்ல மனிதர். ஆனால் ஒரு முடிவு எடுப்பதென்றால் அவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். மகளுக்குக் கடவுள் என்ன நினைத்திருக்கிறார் என்று தெரியாமல் மூன்று மாதம் சாப்பாடு குறைந்து திரிந்தார்.

அப்போதுதான் சுவாமியார் அந்தப் பிரசங்கத்தை வைத்தார். பழைய ஏற்பாட்டில், பெலிஸ்தியர் ஆண்டவரின் பேழையை ஒரு வண்டியில் ஏற்றி, கன்று ஈன்ற இரண்டு பசுக்களைப் பூட்டி, கன்றுகளை வீட்டில் அடைத்துவிட்டு, பசுக்கள் எந்த வழியால் போகின்றன என்று பார்த்த கதை. பசுக்கள் கத்திக்கொண்டே நேரே போய்விட்டன. கடவுளின் வழியை அறிந்தார்கள்.

பூசை முடிந்து மடுத்தீன் அண்ணை சுவாமியாரை மறித்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"சுவாமி, என்னட்டையும் கண்டுத்தாய்ப் பசு ஒண்டு நிக்குது."

"மடுத்தீன், அது பெலிஸ்தியர் செய்த வேலை. அவை எங்கடை ஆக்கள் இல்லை."

"மாடு எங்கடை மாடுதானே, சுவாமி."

சுவாமியார் விட்டுக்கொடுத்தார். ஒன்பது நாள் நவநாள் செபித்துவிட்டு, பசுவை வீட்டுக்கு முன்னால் உள்ள சந்தியில் அவிழ்த்துவிடுவது என்று தீர்மானமாயிற்று. இடப்பக்கம் திரும்பினால் கோவில், அதாவது மடம். வலப்பக்கம் திரும்பினால் இறங்குதுறை, அதாவது ஜேர்மனி. நேரே போகும் ஒழுங்கையைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அதில் எங்கள் கந்தோரும் அதற்கு அப்பால் கடலும் மட்டுமே இருந்தன.

ரெஜினா ஒரேயொரு விஷயம் சொன்னாளாம். இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒன்பது நாள் காணாது, பிதாவுக்கு ஏழு, சுதனுக்கு ஏழு, பரிசுத்த ஆவிக்கு ஏழு என்று இருபத்தொரு நாள் செபிக்கவேண்டும், அதையும் அந்த ஞாயிறே தொடங்கவேண்டும் என்று. சுவாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. மடத்துத் தாயார், அழைத்தல் இருக்கிறது என்று நான் சொல்லவில்லையா என்று ஊரெல்லாம் சொன்னார். இவ்வளவு பக்தியான பெண் மடத்துக்குத்தான் போவாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

மடுத்தீன் அண்ணை அடுத்த நாளே கந்தோருக்கு வந்தார். "தம்பி, பசுவிலை ஒரு பழுதும் இல்லை எண்டு கவுண்மேந்தாலை ஒரு துண்டு வேணும். பிறகு ஒருத்தரும் கதை சொல்லக்கூடாது."

அப்படி ஒரு படிவம் எங்களிடம் இல்லை. டொக்டருக்கு எழுதினேன். அவர் இதைப் பகிடியாக எடுக்கவில்லை. அவர் எதையும் பகிடியாக எடுத்தது கிடையாது. ஒரு வாரத்தில் பதில் வந்தது. மாடு கொண்டுசெல்வதற்கான சுகநலப் படிவத்தையே பாவிக்கவும். நோக்கம் என்ற இடத்தில் விற்பனை, இறைச்சி, இடமாற்றம் ஆகிய மூன்றையும் வெட்டிவிட்டு ‘இறைசித்தம் அறிதல்’ என்று எழுதவும். படிவம் இருபத்து நாலு மணித்தியாலத்துக்கு மட்டுமே செல்லும், ஆகவே இறைசித்தம் அதற்குள் அறியப்படவேண்டும். பரிசோதனைக்குத் தானே நேரில் வருவதாகவும் எழுதியிருந்தார்.

வரவில்லை. அந்த ஞாயிறு சோளகக் காற்று அடித்துக் கடல் எழும்பி நின்றது. படகு ஓடவில்லை. நான் தனியே வெப்பமானியும் படிவமுமாக மடுத்தீன் அண்ணை வீட்டுக்குப் போனேன்.

காலை ஏழரை. சிவப்பி கட்டையில் கட்டியபடி நின்றது. கழுத்தில் அந்தோனியார் சுரூபம் தொங்கியது. கன்று மாட்டுக்கொட்டிலுக்குள் அடைபட்டிருந்தது. நிறம், கொம்பு, குறி, வயது, காய்ச்சல் இல்லை என்று ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு வந்தேன். அப்போது சிவப்பி தலையைத் தூக்கிக் கத்தியது. கன்றைக் கூப்பிடும் கத்தல் இல்லை அது. வாலடிக்குப் போனேன். கோழை கண்ணாடிபோல வழிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற மாட்டின் முதுகில், இது ஏறப்பார்த்த மண் தடமும் இருந்தது. டொக்டரின் மூன்று கேள்விக்கும் மூன்று ஓம்.

காற்று எங்கள் கந்தோர்ப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. காற்றோடு எங்கள் நாம்பன் நாலாம் இலக்கத்தின் முக்காரமும் வந்தது. இந்தப் பசுவை அவிழ்த்துவிட்டால் அது கோவிலுக்கும் போகாது, ஜேர்மனிக்கும் போகாது என்பது அந்த முற்றத்தில் எனக்கு மட்டும் தெரிந்தது. சொல்லியிருக்கவேண்டும். இன்றைக்கு வேண்டாம், இரண்டு நாள் பொறுங்கள் என்று சொன்னால் போதும். ரெஜினா கொட்டில் வாசலில் கன்றின் தலையைத் தடவியபடி நின்றாள். என்னை ஒருதரம் பார்த்தாள். ‘வேறு குறிப்பிடத்தக்க அறிகுறிகள்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதிக் கையொப்பம் வைத்தேன். ஆண்டவரே, இது நீர் காட்டுகிற அடையாளமா, நான் செய்கிற களவா என்று கேட்டுக்கொண்டே படிவத்தை மடுத்தீன் அண்ணையிடம் கொடுத்தேன்.

சந்தியில் ஊர் திரண்டு நின்றது. கோவில் பக்கத்து வேலியில் யாரோ பச்சைக் கிளுவங்குழை கட்டியிருந்தார்கள், அலங்காரத்துக்காம். இறங்குதுறைப் பக்கத்தில் தரகர் ஒரு வாளியில் புண்ணாக்குத் தண்ணீர் வைத்திருந்தார், மாட்டுக்குத் தாகமாக இருக்குமாம். சுவாமியார் பெருமூச்சோடு தீர்த்தம் தெளித்தார். மடுத்தீன் அண்ணை சிலுவை போட்டுக்கொண்டு கயிற்றை அவிழ்த்தார்.

சிவப்பி குழையைப் பார்க்கவில்லை, வாளியையும் பார்க்கவில்லை. கத்தியது. கத்திக்கொண்டே நேரே ஓடியது.

"கத்துது! வேதத்திலை உள்ளமாதிரியே கத்திக்கொண்டு போகுது!" என்று மடுத்தீன் அண்ணை முழங்காலில் விழுந்தார். சனம் செபமாலை சொல்லிக்கொண்டு பின்னால் ஓடியது. கந்தோர் வளவுக் கதவை நான் சாத்திவிட்டுத்தான் வந்திருந்தேன், இதை மட்டும் சத்தியமாகச் சொல்வேன். சிவப்பி முட்டித் திறந்துகொண்டு கந்தோர் வளவுக்குள் போய்விட்டது. கொட்டிலின் குறுக்குத் தடியை நாலாம் இலக்கம் தானே முறித்துக்கொண்டு வந்தது. நான் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன். வெளியே செபமாலையின் மூன்றாம் தேவ இரகசியம் நடந்துகொண்டிருந்தது. உள்ளே நடந்ததை ஒன்பது மணி பத்து நிமிடம் என்று பதிவேட்டில் எழுதினேன். அது கடமை.

இதற்கு என்ன அர்த்தம் என்று ஊர் அன்று முழுக்கப் பேசியது. கடவுள் கவுண்மேந்தைக் காட்டிவிட்டார், ஆகவே மகள் அரசாங்க உத்தியோகம் பார்க்கவேண்டும் என்று மடுத்தீன் அண்ணை முடிவுக்கு வந்தார். மறுநாளே ஜேர்மனிப் படத்தைத் திருப்பிக் கொடுத்தார். மடத்துத் தாயாரிடம் மன்னிப்புக் கேட்டார். ரெஜினா எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பம் எழுதத் தொடங்கினாள். அவ்வளவு பெரிய களவைச் செய்தும் எனக்கு ஒரு பலனும் இல்லாமல் போகப்பார்த்தது.

காப்பாற்றியது சிவப்பு மை. பதிவேட்டின் பிரதி ஊர்காவற்றுறைக்குப் போய் ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. ‘ஏழரைக்கு அறிகுறி இல்லை என்று சான்றளிக்கப்பட்ட பசு ஒன்பது பத்துக்கு நாம்பனிடம் விடப்பட்டிருக்கிறது. விளக்கம் தேவை.’

மூன்று நாள் யோசித்து ஒரு வரி எழுதினேன். ‘பரிசோதனையின்போது என் மனம் மாட்டில் இருக்கவில்லை.’

பதிலும் ஒரு வரிதான். ‘மனம் எங்கே இருந்தது என்பதை உரிய பெண்ணின் தந்தைக்கு உடனடியாக எழுத்தில் அறிவிக்கவும்.’

எழுத எனக்குக் கை வரவில்லை. அந்தத் தாளையே கொண்டுபோய் மடுத்தீன் அண்ணையிடம் நீட்டினேன். அவருக்குக் கண் மங்கல். மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். ரெஜினா ஒரு சொல் விடாமல் சத்தமாக வாசித்தாள். இலக்கத்தையும் திகதியையும்கூட வாசித்தாள். அண்ணை கூரையைப் பார்த்தபடி கேட்டார்.

"தம்பி, சிவப்பி உள்ளை போகேக்கை அந்த வளவுக்கை ஆர் ஆர் நிண்டது?"

"நானும் நாம்பனும்தான், அண்ணை."

"நாம்பனுக்குக் கட்டிக்குடுக்க ஏலாது" என்றார் அவர். "அப்ப கடவுள் உம்மைத்தான் காட்டினவர். நான் விசரன், கவுண்மேந்து எண்டு விளங்கிப்போட்டன்."

அடுத்த தை மாதம் கலியாணம். டொக்டர் வேட்டி கட்டி வந்து கோவிலுக்கு வெளியே குடையோடு நின்றார். சிவப்பியும் நல்ல கன்று ஒன்று போட்டது.

சிரித்துச் சிரித்துத்தான் எல்லாரும் இந்தக் கதையைக் கேட்பார்கள், நானும் சிரிப்பேன். ஆனால் எங்கள் முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்தபோது நான் நினைத்தது அந்தப் படிவத்தைத்தான். கடவுளுக்கென்று போகவேண்டியவளை ஒரு பொய்ச் சொல்லால் களவெடுத்தேன், அதற்குத்தான் இது என்று நினைத்தேன். பிறகு தீவுகளை விட்டு ஓடியபோதும், தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுக்க வீதியில் நடந்தபோதும், பொட்டலத்தைத் தலையில் வைத்தபடி எனக்கு முன்னால் நடந்தவளைப் பார்த்து அதையேதான் நினைத்தேன். மடத்தில் இருந்திருந்தால் இவளுக்கு இந்தப் பாடு வந்திருக்குமா? ஒவ்வொரு நாளும் செபித்தேன். ஆண்டவரே, இவள் எனக்கு உமது சித்தமா, என் களவா, ஒருதரம் சொல்லும். இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்து கலியாணமாகிப் போனபிறகும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பாவசங்கீர்த்தனத்தில்கூட இதைச் சொல்லவில்லை. சொன்னால் திருப்பிக் கொடு என்று சுவாமியார் சொல்லிவிடுவாரோ என்று பயம்.

கருத்தரங்குக்குக் கூப்பிட்டுவிட்டுப் பிள்ளைகள் போன அன்று பின்னேரம் குசினிக்குள் போய், ரெஜினாவிடம் முழுவதையும் சொன்னேன். கத்தல், கோழை, ‘இல்லை’ என்று எழுதியது, எல்லாம். அழுதும்விட்டேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு அறைக்குள் போய்ச் செபப்புத்தகத்தோடு வந்தாள். அதற்குள்ளிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தாள். டொக்டரின் வகுப்பில் கொடுத்த தாள். ‘பசுவின் பெயர்: சிவப்பி’. செபம் தொடங்கிய ஞாயிற்றில் ஒரு புள்ளடி. அதிலிருந்து எண்ணி இருபத்தோராவது கட்டத்தில், அதுவும் ஞாயிறு, ஒரு சின்னச் சிலுவை.

நான் கட்டங்களைத் திரும்ப ஒருதரம் எண்ணிப் பார்த்தேன். முப்பத்து நான்கு வருடம் இதே வேலை பார்த்தவன் நான்.

"அப்ப நீர் செபிச்சது பொய்யோ?" என்றேன்.

"பொய்யோ! பதினெட்டிலையும் வரும், இருபத்து நாலுக்கும் இழுக்கும் எண்டு டொக்டர் சொன்னவர். நான் முழங்காலிலை நிண்டு அழுது செபிச்சனான், சரியாய் இருபத்தொண்டிலை வரவேணுமெண்டு. காற்றும் உங்கடை கந்தோர்ப் பக்கத்தாலை அடிக்கவேணுமெண்டு." தாளை மடித்துத் திரும்பப் புத்தகத்துக்குள் வைத்தாள். "சான்றிதழிலை நீங்கள் என்ன எழுதப்போறியள் எண்டுதான் பயம். அதுக்கும் ஒரு செபமாலை சொன்னனான்."

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு காலமும் நான் பட்ட பாடு! "இதை ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னட்டைக் கேட்டனீங்களே? அப்பா சுவாமியிட்டைக் கேட்டார், மாட்டிட்டைக் கேட்டார், கவுண்மேந்திட்டைக் கேட்டார். நீங்கள் கடவுளிட்டைக் கேட்டனீங்கள். என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லை."

குசினி வாசலில் நின்றபடி, அறுபத்தெட்டு வயதில், முதல்தடவையாகக் கேட்டேன். "ரெஜினா, உமக்கு என்னைக் கட்டினது விருப்பந்தானோ?"

அவள் தேத்தண்ணியை ஆற்றி என் கையில் தந்தாள்.

"இவ்வளவு பெரிய காரியம். இருபத்தொரு நாள் பொறுங்கோ, சொல்லுறன்."

இன்றைக்குப் பதினாறாவது நாள். பழைய பதிவேடு ஒன்றின் வெற்றுப் பக்கத்தில் காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் குறித்துவருகிறேன்.